சபர் மீண்டோரும் மனை காத்தோரும்

தமிழகக் கடற்கரை முஸ்லிம்களின் வாணிக வரலாற்றை எழுதியோர் கப்பல்களை எண்ணினர், சரக்குகளை எண்ணினர், கடல் கடந்த ஊர்களில் நம் முன்னோர் எழுப்பிய இறையில்லங்களுக்கு ஆண்டு குறித்தனர். பினாங்கில் 1801ஆம் ஆண்டளவில் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும், சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரை கட்டப்பெற்ற நாகூர் தர்காவையும் இன்று அறியாதார் இல்லை. அப்பணி பெரும்பணியே. ஆயினும், ஓராண்டுக் காலம் கடல் கடந்திருந்து மீண்ட ஒருவர் தம் வீட்டு வாசற்படி ஏறிய பின் அங்கு என்ன நிகழ்ந்தது என்பதை எழுதியோர் மிகச் சிலர். தோப்பில் முஹம்மது மீரானும் சல்மாவும் தம் புதினங்களில் முஸ்லிம் மனைகளின் உட்புறத்தை நமக்குக் காட்டினர். கதையாசிரியர் புகுந்த அவ்விடத்தில் வரலாற்றாசிரியர் இன்னும் தயங்கியே நிற்கின்றனர். நாம் இங்கே சற்று உள்ளே சென்று நோக்குவோம்.

'சபர்' என்பது பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல். நம் கடற்கரை ஊர்களில் அது வெறும் பயணத்தை மட்டும் குறித்ததன்று; பொருள் தேடி அயல்நாடு சென்று தங்கியிருக்கும் காலம் முழுவதையும் குறித்தது. 'சபர் போயிருக்கிறார்' என்றால் அவர் பினாங்கிலோ, கொழும்பிலோ, இரங்கூனிலோ, சைகோனிலோ கடை வைத்திருக்கிறார் என்று பொருள். சென்று மீண்டவர் 'சபுராளி' ஆனார். ஒரு தொழிலுக்குப் பெயர் இருப்பது இயல்பு. சென்று மீளுதலுக்கே ஒரு பெயர் வழங்கியது என்றால், அது எத்துணை ஆழமாக வாழ்வில் வேரூன்றியிருந்தது என்பதை உணரலாம்.

காற்று வகுத்த ஆண்டு

பாய்மரக் காலத்தில் பிரிவின் நீளத்தை மனிதர் வகுக்கவில்லை, காற்று வகுத்தது. தென்மேற்குப் பருவக்காற்று கலங்களைக் கிழக்கே மலாய்க் கரைக்குக் கொண்டு சேர்த்தது. வடகிழக்குப் பருவக்காற்று அவற்றை மீட்டுக் கொணர்ந்தது. அவ்வடகிழக்குக் காற்றின் தொடக்கத் திங்கள்களாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரை சோழமண்டலக் கரையில் புயல் மிகுதி. ஆகவே அத்திங்கள்கள் கழிந்த பின்னரே கலங்கள் கரை தேடின. கொண்டு சென்ற துணியைக் கடனாகக் கொடுத்து, அக்கடனைத் தண்டி, பாக்கும் மிளகும் வெள்ளீயமும் வாங்கி ஏற்றுவதற்குள் ஒரு காற்று தவறிவிடின், அடுத்த காற்றுக்கு ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். தவறியவர் வணிகர், காத்திருந்தவரோ நாகூரிலும் காயலிலும் கீழக்கரையிலும் இருந்த பெண்மக்கள்.

இப்போக்குவரத்தின் அளவை அறியப் பிரான்சிஸ் லைட்டின் குறிப்பு ஒன்று உதவுகின்றது. 1786இல் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கியவர் அவர். 1794இல் அவர் எழுதிய அறிக்கையில், சூலியர் ஏறத்தாழ ஆயிரவர் அங்கே நிலைத்துவிட்டனர் என்றும், அவரன்றிக் கரையிலிருந்து வரும் கலங்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொணர்கின்றன என்றும், அவர்கள் சிறிது பொருள் ஈட்டியதும் ஊர் திரும்ப, வேறு சிலர் அவ்விடத்தை நிரப்புகின்றனர் என்றும் கூறுகின்றார். நிலைத்தவரினும் வந்து போனவர் மிகுதி என்பது இங்குக் கருதத்தக்கது. அத்தீவில் அவர்கள் வெறும் எண்ணிக்கை. ஆனால் அவ்வெண்ணிக்கையின் பெரும்பகுதிக்கு இக்கரையில் ஓர் உம்மா இருந்தார். பலருக்கு மனைவியும் மக்களும் இருந்தனர்.

திரும்பாதாரும் இருந்தனர் என்பதை மறைத்தல் வரலாறாகாது. மலாய் உரைநடையின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா, தம் தன்வரலாற்றில் குடும்பக் கதையைக் கூறுகின்றார். யமனிலிருந்து வந்த கொள்ளுப்பாட்டனார் நாகூரில் மணம் புரிந்தார். அவர் மகன் மலாக்கா சென்று அங்கேயே குடும்பம் கண்டார். பினாங்கின் 'ஜாவி பெரானாக்கான்' சமூகமும் இவ்வாறு மலாய்ப் பெண்டிரை மணந்து தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்களைப் பெரிதும் கொண்டதே. அக்கரைக்கு அது ஒரு புதிய பண்பாட்டின் பிறப்பு. இக்கரையில் காத்திருந்த வீடு ஏதேனும் இருந்திருப்பின், அங்கு அது வேறு பொருள் தந்திருக்கும்.

பெண்வழி நின்ற வீடு

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான பின் பெண் கணவன் வீடு செல்வதில்லை; கணவரே மனைவியின் வீட்டுக்கு வருகின்றார். வீடு மகளுக்குச் சேர்கின்றது. இவ்வழக்கத்தின் தோற்றம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும், அது கடல் வாழ்வுக்கு எத்துணைப் பொருந்தியது என்பதில் ஐயமில்லை. கணவர் ஆண்டுக்கணக்கில் அகன்றிருக்கும்போது, இளம்பெண் ஒருத்தி அறிமுகமற்ற மாமியார் வீட்டில் தனித்து நிற்க வேண்டியதில்லை. ஈன்ற தாயும் உடன்பிறந்த ராத்தாவும் அருகிருக்கப் பிள்ளை பெற்றாள். அவர்கள் கைகளிலேயே பிள்ளை வளர்ந்தது. கலம் மூழ்கினும் கடை நொடித்தாலும் தலைக்கு மேல் கூரை அவளுடையதாக இருந்தது.

ஆடவர் இல்லாமலே நடக்கும்படி அமைந்த வீடு அது. அரிசி வாங்குவது, கூரை ஓடு மாற்றுவது, பிள்ளையை ஓதப் போடுவது, உறவினர் வீட்டு நன்மை தீமைகளுக்கு முறை செய்வது, வரும் பணத்தில் கடன் அடைப்பது ஆகிய அனைத்தும் பெண்டிர் பொறுப்பாயின. அவர்கள் கணக்கும் கடிதமும் எழுதினர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ், மார்க்க நூல்களுக்கு மட்டும் பயன்பட்டதன்று. குர்ஆன் ஓதக் கற்ற பெண் அதே எழுத்தில் தன் கணவருக்கு மடல் வரைந்தாள். தமிழ் எழுத்துப் பள்ளியில் கால் வைக்காத பெண்ணும் எழுத்தறிவுடையவளாக இருந்தாள் என்பதை இன்றைய கணக்கெடுப்பு முறைகள் காண மாட்டா.

மீண்டவர் விருந்தினரானார்

இத்தகைய வீட்டுக்குத்தான் சபுராளி மீண்டார். நெடும்பயணம் முடித்து வருவோர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டாரை வந்தடைதல் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியுள்ளார்கள். பயணத்தினின்று திரும்பியதும் முதலில் பள்ளிவாசல் சென்று இரண்டு ரக்அத் தொழுவதும் அவர்கள் வழக்கம். இவ்விரு நெறிகளிலும் ஓர் உளநூல் அடங்கியுள்ளது. காத்திருந்தவளுக்குத் தன்னை ஒழுங்கு செய்துகொள்ளச் சிறிது பொழுது வேண்டும். வந்தவருக்கும் தாம் வேறோர் உலகினுள் நுழைகின்றோம் என்று உணரச் சிறிது பொழுது வேண்டும். மீளுதல் என்பது ஒரு கணத்தில் முடிவதன்று என்பதை அந்நெறி அறிந்திருந்தது.

முதல் சில நாள்கள் மகிழ்ச்சிக்குரியவை. பெட்டிகள் திறக்கப்பெறும். கைலி, அத்தர், கோடாலித் தைலம், பிஸ்கோத்துத் தகரம், பீங்கான் ஆகியவை இன்னார்க்கு இன்னது என்று பங்கிடப்பெறும். ஒரு பெயர் விடுபட்டாலும் அது நெடுநாள் வருத்தமாகும். வட்டிலப்பமும் இடியாப்பமும் ஆயத்தமாகும். உறவினர் வந்த வண்ணமிருப்பர்.

அதன் பின்னரே அன்றாட வாழ்வு தொடங்கும். தொட்டிலில் விட்டுச் சென்ற பிள்ளை நடந்து வந்து எதிரே நிற்கும். 'வாப்பா' என்று அழைக்கச் சொன்னால் உம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். வீட்டில் எப்பொருள் எங்கிருக்கின்றது என்பது அவருக்குத் தெரியாது. எந்தக் கடனை எப்போது அடைத்தார்கள், எந்த உறவோடு ஏன் பேச்சில்லை என்பவற்றையெல்லாம் கேட்டே அறிதல் வேண்டும். கடையில் பத்துப் பேரை ஏவியவர், தம் வீட்டில் வழி கேட்கும் நிலையில் நின்றார். மனை நடத்திய பெண்ணோ, ஓராண்டு தன் அறிவால் முடிவெடுத்தவள், இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கேட்க வேண்டியவளானாள். அவர் கணக்குக் கேட்பதைத் தம் கடமையாகக் கருதினார். அவள் அதை நம்பிக்கையின்மையாகக் கருதினாள். இருவர் மீதும் குற்றமில்லை. இரண்டு ஒழுங்குகள் ஒரு கூரையின் கீழ்ச் சந்தித்தன; அவை இணங்குவதற்குள் திரும்பும் நாள் வந்துவிட்டது.

தங்கியிருந்த சில திங்களுக்குள் தங்கையின் மணம் பேசி முடிக்க வேண்டும். சுவர் எழுப்ப வேண்டும். நோயுற்ற வாப்பாவைப் பார்க்க வேண்டும். மனைவியோடு அமர்ந்து பேசுதல் இவையனைத்திற்கும் பின்னரே இடம்பெற்றது. அடுத்த மகவு பிறந்த செய்தி கடல் கடந்து அவரைச் சேரும். அம்முகத்தைக் காண அடுத்த வருகை வரை பொறுத்திருப்பார்.

கப்பலும் கடவுச்சீட்டும்

நீராவிக் கப்பல் வந்தபின் பயணம் நாள்களாகச் சுருங்கிற்று. 1926இல் கட்டப்பெற்ற 'ரஜுலா' கப்பல் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூரோடு நெடுங்காலம் இணைத்தது. அதன்பின் வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985இல் தீக்கு இரையாயிற்று. அத்துடன் நம் ஊரார் கப்பல் பயணமும் பெரும்பாலும் கதையாயிற்று. இலங்கைக்கோ 1914 முதல் தனுஷ்கோடி வழியாக இரயிலும் கப்பலும் இணைந்தன. 1964 டிசம்பர்ப் புயல் அவ்வழியை அழித்தது.

பயணம் சுருங்கியதால் பிரிவு சுருங்கியதா? இல்லை என்பதே வரலாறு தரும் விடை. காற்று இருந்த இடத்தில் அரசின் முத்திரை வந்தமர்ந்தது. பர்மாவில் 1942இல் போர் பலரை நடந்தே வெளியேறச் செய்தது; 1964இல் கடைகள் அரசுடைமையாக்கப்பட, எஞ்சியோர் வெறுங்கையுடன் கரையேறினர். இலங்கையில் 1948இன் குடியுரிமைச் சட்டம் எல்லை வகுத்தது. மலேசியாவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அற்றோர்க்குப் பணி அனுமதியைக் கட்டாயமாக்கியது. போனால் மீள நுழைய முடியுமோ என்ற அச்சத்தால் ஊர் வருவதையே தள்ளிப்போட்டவர் பலர். 1973க்குப் பின் எண்ணெய் வளம் வளைகுடா வாயிலைத் திறந்தது. அங்கே ஈராண்டுக்கு ஒருமுறை இரு திங்கள், அல்லது ஆண்டுக்கு ஒரு திங்கள் விடுப்பு என்பது பரவலான வழக்காயிற்று. நான்கு மணி நேர வான்பயணத் தொலைவில் இருந்தும், பாய்மரக் காலத்துப் பாட்டனாரைவிட நீண்ட நாள் பிரிந்திருக்கும் பேரர்கள் உளர். அரபுத்தமிழ் மடலின் இடத்தில் ஒலிநாடா வந்தது, பின்னர்த் தொலைபேசி, இன்று கைப்பேசியில் முகம் பார்த்தே பேசுகின்றனர். குழந்தை வாப்பாவின் முகத்தை அறிகின்றது. ஆயினும் அவர் கையைப் பிடித்து நடந்ததில்லை.

சட்டம் கண்ட துயர்

இப்பிரிவின் துயரை நம் மார்க்க மரபு அறியாததன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவு வலம் வரும்போது, போர்முனைக்குச் சென்ற கணவனை எண்ணி வருந்திய பெண்ணின் குரலைக் கேட்டதும், தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருக்க இயலும் என்று வினவியதும், அவ்விடையின்படி வீரர்களின் பணிக்காலத்திற்கு எல்லை வகுத்ததும் நூல்களில் காணக்கிடக்கின்றன. நான்கு திங்கள் என்றும் ஆறு திங்கள் என்றும் அறிவிப்புகள் வேறுபடும். ஓராண்டு என்று எவரும் கூறவில்லை. ஆட்சித்தலைவர் ஒருவர் கொள்கை வகுக்குமுன் பெண்ணிடம் கேட்டார் என்பதே இங்கு நாம் பெறும் பாடம்.

இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் இத்துயரைத் தொட்டது. கணவன் இருக்குமிடம் நான்காண்டு அறியப்படாவிடினும், ஈராண்டு வாழ்க்கைப்பொருள் தராவிடினும், தக்க காரணமின்றி மூன்றாண்டு இல்லறக் கடமை ஆற்றாவிடினும் மனைவி மணமுறிவு கோரலாம் என்று அது வகுத்தது. ஹனஃபி நூல்களின்படி காணாமற்போனவனின் மனைவி காத்திருக்க வேண்டிய காலம் மிக நெடியது. மாலிக்கி மத்ஹபின் நான்காண்டுக் கருத்தைத் தழுவி அறிஞர்கள் இவ்வழியைத் திறந்தனர். மீளாதவனை எண்ணி வாசல் பார்த்திருந்த பெண்கள் இந்நாட்டில் பலர் இருந்தமையாலன்றோ இச்சட்டம் தேவைப்பட்டது?

நம் ஊர்களின் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்விக்கூடங்களும் சபர்ப் பணத்தால் எழுந்தவை பல. கல்வெட்டுகளில் ஈந்த ஆடவர் பெயர்கள் உள்ளன, அது முறையே. ஆனால் அப்பணத்தைச் சிதறாமல் காத்து, பிள்ளைகளை ஆளாக்கி, அவர் மீண்டும் புறப்படக் கூடிய நிலையில் வீட்டை வைத்திருந்தவரின் பெயர் எங்கும் இல்லை. ஈட்டியவர் உழைப்பு ஒரு பாதி என்றால், காத்தவர் உழைப்பு மறு பாதி.

அம்மறுபாதிக்குச் சான்றுகள் இல்லாமற் போகவில்லை. பழைய வீடுகளின் மரப்பெட்டிகளில் அரபுத்தமிழ் மடல்களும், பெண்டிர் கைப்பட எழுதிய கணக்கேடுகளும் இருத்தல் கூடும். அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். வீடு இடித்துக் கட்டும்போது அத்தாள்கள் குப்பையோடு போகின்றன. மடல் கிடைத்தால் எறிந்துவிடாதீர். படிக்க வல்ல பாட்டியோ ஆலிமோ இருப்பின் அருகிருந்து படிக்கச் செய்து, தமிழ் எழுத்தில் பெயர்த்து வையுங்கள். வெளியிடத் தகாத குடும்பச் செய்தியை மறைத்துக்கொள்ளலாம். அரிசி விலையையும், பிள்ளை பல் முளைத்த செய்தியையும், கப்பல் எப்போது வரும் என்ற வினாவையும் மறைக்க வேண்டியதில்லை. அவையே நம் கடற்கரையின் எழுதப்பெறாத வரலாறு.