வழியில் இருக்கும் சொல்லும் சரக்கும்

இணையச் சந்தையில் வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடையே எழும் பூசல்களைக் கூர்ந்து நோக்கினால், இரண்டு கேள்விகள் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காணலாம். 'வேண்டும்' என்று சொன்ன பொருளை 'வேண்டாம்' என்று சொல்ல எதுவரை உரிமை உண்டு? பொருள் போய்வந்த அஞ்சல் செலவு யார் தலையில் விழும்? தொகை பெரும்பாலும் சிறியது. ஆயினும் இரு தரப்பும் தம்மை ஏமாற்றப்பட்டவராகவே கருதுகின்றனர். இருவரும் நேர்மையானவர்களாக இருந்தும் இப்படி நேர்வது ஏன்? இதற்கு விடை காண இரண்டு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். ஏனெனில் இக்கேள்விகள் இணையத்தோடு பிறந்தவை அல்ல, அஞ்சலோடு பிறந்தவை.

1817ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் என்னும் ஊரைச் சேர்ந்த ஆட்டுக்கம்பளி வணிகர்கள், ஊஸ்டர்ஷயரில் உள்ள புரோம்ஸ்குரோவ் ஊரின் நெசவாலைக்காரர்களுக்கு ஒரு மடல் எழுதினர். இன்ன விலைக்குக் கம்பளி தருகிறோம், மறு அஞ்சலில் பதில் தேவை என்பது செய்தி. முகவரியில் ஊர்ப்பெயர் சரி. மாவட்டம் மட்டும் லெஸ்டர்ஷயர் என்று பிழையாக எழுதப்பட்டுவிட்டது. மடல் சுற்றி அலைந்து 5ஆம் நாள் மாலையில்தான் போய்ச் சேர்ந்தது. ஆலைக்காரர்கள் அன்று மாலையே சம்மதம் எழுதி அஞ்சலில் சேர்த்தனர். 7ஆம் நாள்வரை பதிலை எதிர்பார்த்திருந்த வணிகர்கள், 8ஆம் நாள் கம்பளியை வேறொருவருக்கு விற்றுவிட்டனர். சம்மத மடல் வந்ததோ 9ஆம் நாள்.

வாங்க இசைந்தவர் தாமதிக்கவில்லை. விற்றவரும் வஞ்சனை செய்யவில்லை. ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் எனச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் அவ்வழக்கில், 1818இல் தீர்ப்பு வாங்குவோர் பக்கம் நின்றது. முகவரிப் பிழை விற்றவருடையது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் சுவையானது. சம்மதம் கைக்கு வந்தால்தான் செல்லும் என்றால், சம்மதம் வந்துவிட்டது என்ற செய்தியும் திரும்பிப் போய்ச் சேரவேண்டும். அதற்கும் ஒரு பதில் வேண்டும். இதற்கு முடிவே இராது. ஆகவே ஏற்பு மடலை அஞ்சலில் இட்ட கணமே ஒப்பந்தம் முடிந்தது எனக் கொள்ளும் வழக்கம் இத்தீர்ப்பிலிருந்து வேர்கொண்டது.

சம்மதத்துக்கு இது விதி, மறுப்புக்கு? 1879 அக்டோபர் 1ஆம் நாள் கார்டிஃபிலிருந்து ஒரு நிறுவனம், ஆயிரம் பெட்டித் தகரத்தகடுகளை விற்க முன்வந்து நியூயார்க்கிற்கு மடல் அனுப்பியது. விலை ஏறவே, 8ஆம் நாள் 'திரும்பப் பெறுகிறோம்' என இன்னொரு மடல் எழுதியது. முதல் மடல் 11ஆம் நாள் நியூயார்க் சேர்ந்தது. அன்றே தந்தியில் சம்மதம் பறந்தது. இரத்து மடல் 20ஆம் நாள்தான் கரை சேர்ந்தது. அது சம்மதத்துக்கு முன்பே எழுதப்பட்டதாயினும், எதிராளியின் கையில் சேராத இரத்து இரத்தே அன்று என 1880இல் தீர்ப்பாயிற்று. ஒப்புதல் அனுப்பிய கணத்தில் உயிர்பெறும். இரத்து சென்று சேர்ந்த கணத்தில்தான் உயிர்பெறும். இரண்டு சொற்களும் ஒரே கடலைக் கடந்தாலும் அவற்றின் கடிகாரங்கள் வேறு.

இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதை இன்னும் நுட்பமாக வகுத்தது. அதன் 4, 5ஆம் பிரிவுகளின்படி, ஏற்பு மடல் அஞ்சலில் விழுந்ததும் முன்மொழிந்தவர் கட்டுப்பட்டுவிடுகிறார். ஏற்றவரோ, அம்மடல் எதிராளியைச் சேரும்வரை கட்டுப்படுவதில்லை. அதற்கு முன்னோ உடனோ மறுப்பைச் சேர்ப்பித்தால் தப்பிவிடலாம். ஒரே மடல், ஒரே பயணம். ஒருவருக்குக் கதவு மூடிவிட்டது, மற்றவருக்குத் திறந்திருக்கிறது. இந்தச் சமனின்மை சட்டத்தின் கவனக்குறைவு அன்று. மடல் வழியில் இருக்கும் இடைவெளியின் சுமையை யாரேனும் ஒருவர் தாங்கியே ஆகவேண்டும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

இனி அஞ்சல் செலவுக்கு வருவோம். பிரிட்டனில் 1840க்கு முன்பு கடிதக் கட்டணத்தைப் பெறுபவர் செலுத்துவதே பெருவழக்கு. காசு கொடுக்க மனமின்றிக் கடிதத்தை மறுத்தால், அதைச் சுமந்து வந்த அஞ்சல்துறைக்கே நட்டம். ரோலண்ட் ஹில் 1837இல் முன்வைத்த சீர்திருத்தம், அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்தும் முறையையும், 1840இல் அஞ்சல் தலையையும் கொண்டுவந்தது. 1854இல் இந்தியா முழுவதும் தூரம் பாராத அரையணாக் கட்டணம் வந்தது. கடிதச் செலவு பெறுபவர் தோளிலிருந்து அனுப்புபவர் தோளுக்கு மாறியது.

ஆனால் சரக்கின் கதை வேறு. 1877இல் இந்திய அஞ்சல்துறை வி.பி.பி. முறையைத் தொடங்கியது. விற்பவர் பொதியை அனுப்புவார். தபால்காரர் விலையைப் பெற்றுக்கொண்டு பொதியைக் கொடுப்பார். பணம் விற்பவரைச் சேரும். கடையில்லாச் சிற்றூருக்குக் கடிகாரமும் மருந்தும் புத்தகமும் இவ்வழியே வந்தன. பழைய தமிழ் நூற்பட்டியல்களில் 'தபால் செலவு தனி' என்ற வரியைப் பார்த்திராத வாசகர் அரிது. இம்முறையில் இருவருக்கும் ஆளுக்கொரு அச்சம் இருந்தது. பணத்தைக் கட்டிய பிறகே பொதியைப் பிரிக்கமுடியும் என்பது வாங்குபவரின் அச்சம். வாங்குபவர் 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் பொதி திரும்பிவிடும், போன செலவு போனதுதான் என்பது விற்பவரின் அச்சம். கேளாத பொருளை அனுப்பிக் காசு பறிப்பதைத் தடுக்க, உண்மையான ஆணையின் பேரிலேயே அனுப்புகிறேன் என்று அனுப்புநரிடம் உறுதிமொழி கேட்கும் அதிகாரத்தை 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் அரசுக்கு அளித்தது. இரு பக்கமும் ஐயம் இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மடல் நாட்கணக்கில் பயணித்த காலம் போய், சொடுக்கும் நேரத்தில் சொல் போய்ச்சேரும் காலம் வந்தபோது இப்பூசல்கள் ஒழிந்திருக்கவேண்டும். ஒழியவில்லை. ஜெர்மனியில் ஒருவர் தம் பழைய வோக்ஸ்வாகன் பஸ்ஸாட் காரை, தொடக்க விலை ஒரு யூரோ என்று ஈபே ஏலத்தில் வைத்தார். ஒருவர் 555 யூரோ 55 சென்ட் வரை தருவதாக ஏலம் கேட்டார். சில மணி நேரத்தில் வெளியாள் ஒருவர் 4,200 யூரோ தர முன்வரவே, விற்பவர் ஏலத்தை இரத்து செய்தார். அப்போது ஏலத்தில் இருந்தவர் ஒருவரே என்பதால் விலை ஒரு யூரோவாகவே நின்றது. 5,249 யூரோ கோரிய வழக்கில் இழப்பீடு தரவேண்டும் என்ற முடிவை 2014இல் ஜெர்மானியக் கூட்டாட்சி நீதிமன்றம் உறுதிசெய்தது. செயின்ட் ஐவ்ஸ் கம்பளியும் இந்தக் காரும் ஒரே கதையின் இரு பதிப்புகள் எனலாம்: சொல் கொடுத்தபின் இன்னொருவருக்கு விற்ற கதை.

எனினும் எல்லா இணையக் கடைகளும் ஏலக்கடைகள் அல்ல. விலை போட்டுக் காட்டுவதை முன்மொழிவாக அன்றி, வாங்க வருமாறு விடுக்கும் அழைப்பாகவே சட்டம் பொதுவாகக் கருதுகிறது. வாங்குபவரின் ஆணைதான் முன்மொழிவு. சரக்கை அனுப்பும்போதே ஒப்பந்தம் முடிகிறது எனப் பல கடைகள் தம் விதிகளில் எழுதி வைத்திருக்கின்றன. பணம் கட்டியவர் 'வாங்கிவிட்டேன்' என்று நினைக்கிறார். விற்பவரோ 'கேட்டிருக்கிறார்' என்று நினைக்கிறார். ஒரே செயலுக்கு இரண்டு வினைச்சொற்கள்! மனக்கசப்பின் வேர் இதுவே.

செலவுப் பூசலும் தொடர்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹைன்ரிஷ் ஹைனே என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனம், அனுப்பும் செலவாக 4.95 யூரோ பெற்று, பொருளைத் திருப்பியவருக்கும் அதைத் தர மறுத்தது. முதலில் அனுப்பிய செலவையும் திருப்பித் தரவேண்டும் என 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. செலவு திரும்பாது என்றால், விலகும் உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும் என்பதே அதன் கருத்து. 2011ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறிமுறை இதை எழுத்தில் வைத்தது. ஆனால் பொருளைத் திருப்பி அனுப்பும் செலவைப் பொதுவாக வாங்கியவர்மேல் வைத்தது. போன செலவு அவருடையது, வரும் செலவு இவருடையது!

இந்தியாவில் ஃபிளிப்கார்ட் 2010இல் தொடங்கிய 'பொருள் வந்தபின் பணம்' முறை, வி.பி.பி.யின் மறுபிறவி என்பதை வாசகர் உணர்ந்திருப்பர். வாசலில் மறுக்கப்பட்ட பொதி இன்றும் விற்பவரின் செலவில் ஊர் திரும்புகிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இரண்டு நல்ல காரியங்களைச் செய்தன. ஒன்று, அஞ்சல் செலவு உள்ளிட்ட ஒவ்வொரு கட்டணத்தையும் பிரித்துக்காட்டி மொத்த விலையைச் சொல்லவேண்டும் என்றன. மற்றொன்று, தான் இரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தாங்காத நிறுவனம், வாங்குபவர் இரத்து செய்ததற்கும் கட்டணம் கேட்கக்கூடாது என்றன. 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றவர் பக்கம் சாய்த்து வைத்திருந்த தராசை, இவ்விதி நேராகப் பிடிக்க முயல்கிறது.

தந்தி வந்தபோது இடைவெளி மணிகளாகச் சுருங்கியது. இணையம் வந்தபோது நொடிகளாயிற்று. ஆனால் சுருங்கியது சொல்லின் பயணம் மட்டுமே. சரக்கு இன்றும் சாலையில்தான் வருகிறது. 'வேண்டாம்' என்ற சொல் நொடியில் சேர்கிறது, பொதியோ அப்போது பாதிவழியில் இருக்கிறது. பாதிவழியில் இருப்பதைத் திருப்ப ஒருவர் கூலி கொடுத்தே ஆகவேண்டும். அது யார் என்பதை மறுப்பு வந்தபின் பேசினால் பூசல்; சரக்கு கிளம்புமுன் பேசினால் வணிகம்.