கேசட்டை ஊதினால் கேம் ஓடுமா? 90ஸ் கிட்ஸின் 'டிவி கேம்' பின்னணி

குடியாத்தம், ஆம்பூர் பக்கம் 90களில் வளர்ந்தவர்களுக்கு 'டிவி கேம்' என்றாலே மரியோ, கான்ட்ராதான். ஆனா, வீட்டில் இருந்த அந்தப் பெட்டி பெரும்பாலும் நிண்டெண்டோ தயாரித்ததே இல்லை. 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியான 'ஃபேமிகாம்' கன்சோலின் காப்பி அது. வெளியார் கேசட்டைத் தடுக்கும் பூட்டு சிப் ஃபேமிகாமில் கிடையாது. 1985ல் அமெரிக்காவுக்குப் போன மாடலில்தான் சேர்த்தார்கள்.

'9999 இன் 1' கேசட்டில் இருந்தது சில கேம்கள்தான். ஒரே கேமை வேறு லெவலில், வேறு பெயரில் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பார்கள். கடைசிவரை யார் எண்ணிப் பார்த்தது?

கேசட்டை ஊதியதும் ஓடியதே? காற்றால் இல்லை. கழற்றி மறுபடி செருகும்போது பின்கள் சரியாகப் பொருந்தியதுதான் காரணம். வாயின் ஈரம் பின்களை அரிக்கும் என்பதால், ஊத வேண்டாம் என்றே நிண்டெண்டோ சொன்னது.

இப்போது பரணிலிருந்து செட்டை இறக்கினால், ஏவி வயர் போட இடமுள்ள எல்இடி டிவியில் மரியோ ஓடும். வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் வேலை செய்யாது. ட்ரிக்கரை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருக்கும் இடம் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி தேடுவது அந்த வெளிச்சத்தைத்தான். புது டிவி அதைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டுகிறது. வாத்து சுட டியூப் டிவிதான் வேணும்.