அகராதிப் பதிவும் அச்சு வரியும்

அச்சிட்ட நூலைக் கணிப்பொறியின் தரவுத்தளத்துள் ஏற்றுவோர் முதற்கண் தெளியவேண்டுவது, ஒரு பதிவு எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது என்பதாம். வரி முடிவைப் பொறி எளிதில் அறியும். பொருள் முடிவை அது தானே அறியாது. இவ்வேறுபாட்டின் அருமையை ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1884-இல் முதற்பகுதி வெளிவந்து 1928-இல் நிறைவெய்திய அவ்வகராதியைக் கணிப்பொறியில் ஏற்றும் பணி 1984-இல் தொடங்கிற்று. தட்டச்சு செய்தோர் ஏறத்தாழ 120 பேர். மெய்ப்புப் பார்த்தோர் ஏறத்தாழ 55 பேர். ஏற்றப்பெற்றவை ஏறத்தாழ 35 கோடி எழுத்துருக்கள்.

வரி ஒன்றைப் பதிவு ஒன்றாகக் கொள்ளும் எளிய முறை இப்பணிக்குப் பொருந்தாதாயிற்று. சில சொற்கள் ஓரிரு வரிகளில் அடங்கும். 'செட்' என்னும் சொல்லுக்கோ ஏறத்தாழ 60,000 சொற்கள் வேண்டியிருந்தன. மேலும், ஒவ்வொரு பதிவினுள்ளும் தலைச்சொல், ஒலிப்பு, சொற்பிறப்பு, பொருள், ஆண்டுடன் கூடிய மேற்கோள் எனப் பல உறுப்புகள் உள. அச்சகத்தார் இவற்றை எழுத்தின் தடிப்பாலும் சாய்வாலும் அளவாலும் வேறுபடுத்தினர். எனினும், சாய்வெழுத்து ஓரிடத்தில் நூற்பெயரையும் பிறிதோரிடத்தில் அயன்மொழிச் சொல்லையும் குறித்தலின், வடிவம் ஒன்றே உறுப்பை உணர்த்தப் போதாது. அது நிற்கும் இடமும் வேண்டும்.

ஆதலின், தட்டச்சு செய்தோர் உறுப்புகளுக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இட்டனர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார், எவ்வுறுப்பின்பின் எவ்வுறுப்பு வரும் என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்து, அதன்வழிக் குறிகளைச் செப்பஞ்செய்யும் நிரல் இயற்றினர். பதிவினைப் பல அட்டவணைகளாகச் சிதையாது, குறியிட்ட பாடமாகவே வைத்துத் தேடும் வழியையும் அவர் கண்டனர். 20 தொகுதிகள் கொண்ட இரண்டாம் பதிப்பு 1989-இல் வெளிவந்தது.

இத்துணை உழைப்பு வேண்டுமோ எனின், வேண்டும் என்பதே எம் துணிபு. மேற்கோள் ஒன்று தனக்குரிய பொருளினின்று பிரிந்து அடுத்த பொருளொடு சேருமாயின், அப்பொருள் வழக்கிற்கு வந்த காலமே பிறழும். அதனை நம்பி எழுதும் ஆராய்ச்சியும் உடன் பிறழும்.

இவ்வுண்மை நமக்கும் உரியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில், பிறை அடைப்பினுள் மேற்கோள் நூலின் பெயரும் வரும். துறையின் பெயரும் வரும். இரண்டனையும் வேறு பிரித்துணரும் விதியை வகுத்தல் பொறியாளர் மட்டும் செய்யும் பணியன்று. பதிப்பு மரபு அறிந்த தமிழாசிரியரும் உடனிருந்து செய்தற்குரியது.