லண்டன் ஜின் வடிசாலைகள்: சிறு வடிகலன்களின் வரலாறு

லண்டன் மாநகருக்குச் சுற்றுலா செல்பவர்கள் இன்று அருங்காட்சியகங்களோடு சேர்த்துச் சிறிய ஜின் வடிசாலைகளையும் பார்த்து வருகிறார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளக்கும் செப்பு வடிகலன், மூலிகைகள் நிரம்பிய சாடிகள், சுவரில் பழைய ஓவியங்கள் என அவை ஒரு சிறு கண்காட்சி போலவே அமைந்திருக்கும். கையளவு உற்பத்தி, சிறிய கலன் என்பதே அவற்றின் பெருமை. ஆனால் இதே நகரத்தில், 18-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், சிறிய வடிகலன் அழிவின் அடையாளமாகக் கருதப்பட்டது. அரசு முதலில் அதை ஊக்குவித்தது; பின்னர் ஒடுக்கியது; நெடுங்காலம் உரிமம் தரத் தயங்கியது. இந்த மாற்றங்களின் வரலாற்றையும், அதில் ஏழைகள் கொடுத்த விலையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஜின் என்பது என்ன?

தானியத்திலிருந்து பெறப்பட்ட சாராயத்தை ஜூனிப்பர் காய்களோடு சேர்த்து மணமூட்டுவதே ஜின். ஜூனிப்பர் ஊசியிலை கொண்ட ஒரு புதர்ச்செடி. இதன் காய் சேர்த்த மதுவை ஒல்லாந்தர் 'ஜெனேவர்' என்றனர். அப்பெயர் ஆங்கிலேயர் வாயில் 'ஜெனீவா' ஆகி, பின் 'ஜின்' என்று சுருங்கியது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வடித்தல் என்பது நம் சித்த மருத்துவர்கள் 'வாலை' என்னும் கருவியில் செய்வதே. நீரைவிடக் குறைந்த வெப்பத்தில் சாராயம் ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்வித்தால் செறிவான சாராயம் கிடைக்கும். மூலிகைகளையும் கலனில் இட்டால் அவற்றின் எண்ணெய் மணமும் ஆவியோடு சேர்ந்து வரும்.

எவரும் வடிக்கலாம் என்ற காலம்

1638-இல் மன்னர் முதலாம் சார்லஸ் லண்டன் வடிப்போர் சங்கத்துக்குப் பட்டயம் வழங்கினார். நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வடிக்கும் உரிமை அச்சங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1688-இல் ஒல்லாந்திலிருந்து வந்த வில்லியம் அரியணை ஏறியபின் நிலைமை மாறியது. பிரான்சுடன் போர் மூண்டதால் பிரெஞ்சு பிராந்திக்குத் தடை வந்தது. 1690-இல் நிறைவேறிய சட்டம், உள்நாட்டுத் தானியத்திலிருந்து சாராயம் வடிப்பதை ஊக்குவிக்கவே இயற்றப்பட்டது. முன்னறிவிப்புக் கொடுத்து வரி கட்டினால் எவரும் வடிக்கலாம் என்றானது.

இதனால் நிலவுடைமையாளர்களின் மிகுதித் தானியத்துக்குச் சந்தை கிடைத்தது. அரசுக்கு வரி கிடைத்தது. நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தவர்களில் நிலவுடைமையாளர்களே மிகுதி என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

தொழில் இரண்டு அடுக்குகளாக வளர்ந்தது. மேல் அடுக்கில் பெரிய ஆலைகள் தானியத்தைப் புளிக்கவைத்து மூலச் சாராயம் வடித்தன. கீழ் அடுக்கில் நூற்றுக்கணக்கான சிறு வடிப்பாளர்கள் அதை வாங்கி, ஜூனிப்பர் சேர்த்துச் சிறு கலன்களில் மறுபடி வடித்தனர். ஜூனிப்பருக்குப் பதிலாக டர்பென்டைன் எண்ணெயும், காரத்துக்குக் கந்தக அமிலமும் சேர்த்தவர்களும் உண்டு. மளிகைக் கடை, தள்ளுவண்டி, நிலவறை என எங்கும் ஜின் விற்றது. மிடில்செக்ஸ் நீதிபதிகள் 1726-இல் எடுத்த கணக்கில், பழைய நகர எல்லையும் தேம்ஸ் ஆற்றின் தென்கரைச் சதர்க்கும் நீங்கலாகவே 6,187 சில்லறை விற்பனை இடங்கள் இருந்தன.

சட்டங்களும் அவற்றின் தோல்வியும்

1734-இல் ஜூடித் டிஃபோர் என்ற ஏழைப் பெண்ணின் வழக்கு லண்டனை உலுக்கியது. ஏழைகள் இல்லத்தில் வளர்ந்த தன் இரண்டு வயதுக் குழந்தைக்கு அங்கே புதிய உடை தந்திருந்தார்கள். குழந்தையை வெளியே அழைத்துச் சென்றவள், அதைக் கொன்று, உடைகளை விற்று, அந்தப் பணத்தில் ஜின் குடித்தாள். உடைகள் விற்ற தொகை ஒரு ஷில்லிங் நான்கு பென்னி. அவளுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஜின்னை எதிர்த்தவர்கள் இவ்வழக்கை மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார்கள். ஏழைத் தாய்மார்களே இக்கேட்டின் முகம் என்ற எண்ணம் அவ்வாறு வேரூன்றியது.

1736-ஆம் ஆண்டுச் சட்டம் மிகக் கடுமையானது. சில்லறையில் ஜின் விற்க ஆண்டுக்கு 50 பவுண்டு உரிமக் கட்டணம், ஒரு கேலனுக்கு 20 ஷில்லிங் வரி. அக்காலத்தில் 50 பவுண்டு என்பது சிறு வணிகர் எவராலும் கட்ட இயலாத தொகை. ஆகவே இது கட்டுப்பாடு என்ற பெயரில் வந்த தடையே. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் கடைக்காரர்கள் கறுப்புத் துணி கட்டி, 'ஜெனீவா அம்மையார்' இறந்துவிட்டதாகத் துக்கம் கொண்டாடினார்கள்.

துப்புக் கொடுப்பவருக்கு 5 பவுண்டு வெகுமதி என்றதும், அண்டைவீட்டாரே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தனர். பிடிபட்டவர்களில் பலர் தெருவில் கூடை சுமந்து விற்ற பெண்கள். மூலச் சாராயம் வடித்த பெரிய ஆலைகளை இந்தக் கெடுபிடி தொடவில்லை. துப்புக் கொடுத்தவர்களைக் கூட்டம் விரட்டி அடித்தது, சிலர் உயிரிழந்தனர்.

சட்டத்தை ஏய்க்கும் வழிகளும் பிறந்தன. டட்லி பிராட்ஸ்ட்ரீட் என்பவர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சன்னலில் பூனை உருவப் பலகையை மாட்டினார். பூனையின் வாயில் காசு போட்டால், அதன் பாதத்துக்குக் கீழே இருந்த ஈயக் குழாய் வழியாக ஜின் வரும். விற்பவர் யார் என்று தெரியாததால் வழக்குத் தொடர முடியவில்லை. இதை அவரே 1755-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதியுள்ளார். 1743-இல் அரசு அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. அவ்வாண்டு வரி கட்டிய சாராயத்தின் அளவு ஏறக்குறைய 80 லட்சம் கேலன்.

ஹோகார்த்தின் ஓவியமும் 1751-ஆம் ஆண்டும்

1751 பிப்ரவரியில் வில்லியம் ஹோகார்த் 'ஜின் சந்து', 'பீர் வீதி' என்ற இரு செதுக்கோவியங்களை வெளியிட்டார். ஜின் சந்தில் குடிபோதையில் ஒரு தாயின் கையிலிருந்து குழந்தை தவறி விழுகிறது, வீடுகள் இடிகின்றன, அடகுக் கடை செழிக்கிறது. பீர் வீதியில் எல்லோரும் கொழுகொழுவென்று உழைக்கிறார்கள். நாவலாசிரியரும் நீதிபதியுமான ஹென்றி ஃபீல்டிங், கொள்ளைகள் பெருகுவதற்கு ஜின்னும் ஒரு காரணம் என்று அதே ஆண்டில் நூல் எழுதினார்.

அவ்வாண்டுச் சட்டம் முந்தையதைவிட அறிவோடு இயற்றப்பட்டது. வடிப்பவர்கள் உரிமம் இல்லாத கடைகளுக்கு விற்கக் கூடாது. சிறையிலும் ஏழைகள் இல்லத்திலும் விற்பனை கூடாது என்று விதித்தது. சுமை தெருப் பெண்ணிடமிருந்து வடிப்பவரிடம் சென்றது. தொடர்ந்து விளைச்சல் பொய்த்ததால் 1757 முதல் 1760 வரை தானியத்திலிருந்து வடிப்பதே தடை செய்யப்பட்டது. விலை ஏறியது, குடி குறைந்தது. சட்டம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல இயலாது. தானிய விலை ஏறியதும் பெரிய காரணம்.

பெரிய கலன்களின் காலம்

அதன்பின் முதல் உள்ளவர்களே தொழிலில் நின்றனர். அலெக்சாண்டர் கார்டன் 1769-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். சார்லஸ் டாங்கரே 1830-இல் புளூம்ஸ்பரியில் வடிக்கத் தொடங்கினார். அதே 1830-இல் அயர்லாந்தின் முன்னாள் கலால் அதிகாரி ஈனியஸ் காஃபி தொடர்வடிகலனுக்குக் காப்புரிமை பெற்றார். உயரமான இந்தக் கலனில் தூய சாராயம் இடைவிடாமல் கிடைத்தது. கெட்ட வாடையை மறைக்கச் சர்க்கரை சேர்க்க வேண்டிய தேவை நீங்கியது. இனிப்பற்ற 'லண்டன் டிரை' வகை இவ்வாறு உருவானது. இன்று லண்டன் ஜின் என்பது செய்முறையைக் குறிக்கும் பெயர். எந்த நாட்டிலும் அதைச் செய்யலாம்.

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய நிறுவனங்கள் பலவும் நகரை விட்டு வெளியேறின. கென்னிங்டனில் 1958 முதல் இயங்கும் பீஃபீட்டர் வடிசாலை நிலைத்து நின்ற வெகுசிலவற்றுள் ஒன்று.

ரம்மும் துறைமுகமும்

ரம் லண்டனுக்குக் கப்பலில் வந்தது. 1655-இல் ஜமைக்காவைக் கைப்பற்றியபின் ஆங்கிலக் கடற்படையில் ரம் வழங்கும் பழக்கம் தொடங்கியது. மாலுமிகளுக்கு நாள்தோறும் ரம் அளக்கும் வழக்கம் 1970 ஜூலை 31 வரை நீடித்தது. கரும்புப் பாகின் கழிவிலிருந்து வடிக்கப்படும் இந்த மதுவின் பின்னால் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு இருந்தது. 1802-இல் திறக்கப்பட்ட மேற்கிந்தியத் துறைமுகத்தில் சர்க்கரையும் ரம்மும் குவிந்தன. அங்கிருந்த ஒரு சர்க்கரைக் கிடங்கு 2003 முதல் துறைமுக அருங்காட்சியகமாக உள்ளது. அத்துறைமுகத்தை அமைத்தவர்களில் ஒருவரும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவருமான ராபர்ட் மில்லிகனின் சிலை, அதன் முன்னாலிருந்து 2020 ஜூனில் அகற்றப்பட்டது.

நீலகிரித் தொடர்பு

ஜின்னோடு கலக்கும் டானிக் நீரின் கசப்பு சின்கோனா மரப்பட்டையிலிருந்து வரும் குயினைனால் ஆனது. மலேரியாவுக்கு மருந்தான இம்மரத்தை ஆங்கிலேய அரசு 1860-களில் தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்து நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டது. டானிக் நீருக்கு 1858-இல் லண்டனில் காப்புரிமை பெறப்பட்டது. ஆனால் அன்று மருந்தாகக் குடிக்கப்பட்ட குயினைனின் அளவு, இன்றைய டானிக் நீரில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே இன்றைய பானத்தை நோய்த்தடுப்பு மருந்து என்று எண்ணுவது தவறு.

2009: மீண்டும் சிறு கலன்

பிரிட்டனின் 1979-ஆம் ஆண்டு மதுத் தீர்வைச் சட்டத்தின்படி, 1,800 லிட்டருக்குக் குறைந்த கலனுக்கு அதிகாரிகளால் அப்போது உரிமம் மறுக்க முடிந்தது. சிறு கலனைக் கண்காணிப்பது கடினம், கள்ள வடிப்புக்கு வழி என்ற பழைய அச்சமே இதில் தெரிகிறது. சிப்ஸ்மித் நிறுவனத்தார் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முயன்று, 300 லிட்டர் செப்புக் கலனுக்கு உரிமம் பெற்று, 2009-இல் ஹாமர்ஸ்மித்தில் வடிக்கத் தொடங்கினர். 2012-இல் ஃபிளீட் தெருவை ஒட்டிய பிரைட் சந்தில் சிட்டி ஆஃப் லண்டன் வடிசாலை வந்தது. 2014-இல் கிழக்கு லண்டனின் போ பகுதியில், பழைய பசை ஆலைக் கட்டடத்தில் மற்றொன்று வந்தது. சிப்ஸ்மித்தை 2016-இல் ஒரு பன்னாட்டு நிறுவனம் வாங்கியது. சிறியது பெரியதாவதற்கு இம்முறை ஏழு ஆண்டுகளே ஆயின.

பார்வையாளர் கவனிக்க வேண்டியவை

வழிகாட்டி முதலில் மூலிகைகளை முகரத் தருவார். ஜூனிப்பர், கொத்தமல்லி விதை, அதிமதுரம், எலுமிச்சைத் தோல் ஆகியவை வழக்கமானவை. பின்னர் வடிநீரை மூன்றாகப் பிரிப்பதை விளக்குவார். முதலில் வருவதும் கடைசியில் வருவதும் ஒதுக்கப்பட்டு, நடுப்பகுதி மட்டுமே புட்டிக்குப் போகும்.

அவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: மூலச் சாராயம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான சிறு ஜின் வடிசாலைகள் அதைப் பெரிய ஆலைகளிடமிருந்தே வாங்கி, மூலிகை சேர்த்து மறுபடி வடிக்கின்றன. இதில் குற்றமில்லை, சட்டப்படி அது ஜின்தான். 1720-களின் சிறு வடிப்பாளரும் இதையேதான் செய்தார். தொழிலின் இரண்டு அடுக்குகளும் அப்படியே இருக்கின்றன. மாறியவை தூய்மையும், கண்காணிப்பும், விலையும், குடிப்பவரின் வசதியுமே.

ஹோகார்த்தின் ஓவியம் இத்தகைய இடங்களில் அலங்காரமாகத் தொங்குவதைக் காணலாம். அதன் பின்னணியில் படிக்கட்டுக் கோபுரத்தோடு தெரியும் புளூம்ஸ்பரி புனித ஜார்ஜ் தேவாலயம் இன்றும் நிற்கிறது. மது வாங்க 18 வயது நிறைய வேண்டும். ஆனால் இந்த வரலாற்றை அறிய ஒரு மிடறும் குடிக்கத் தேவையில்லை. துறைமுக அருங்காட்சியகத்தை எவரும் காணலாம். 1674 முதல் 1913 வரையான ஓல்டு பெய்லி நீதிமன்ற வழக்குப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜூடித் டிஃபோரின் வழக்கும் அவற்றில் உள்ளது. வடிசாலைக்குச் செல்பவர் அதை ஒருமுறை படித்துவிட்டுச் செல்வது நல்லது.