சேர்ச்சிலின் துவக்கு, சேர்ச்சிலின் சொல்

யாழ்ப்பாணத்தில் துவக்கு எண்ட சொல்லைக் கேட்டால் யாருக்கும் ஒரு அழகான பொருள் நினைவுக்கு வராது. மதிலில் சன்னம் பாய்ஞ்ச ஓட்டைதான் வரும். வன்னிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கோ இடியன் துவக்கோ வரும். (துவக்கு, துப்பாக்கி இரண்டுமே துருக்கிச் சொல் ஒண்டின் வழி வந்தவை. அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.)

ஆனால் உலகத்தில் பழைய துவக்குகளை ஓவியம் மாதிரிச் சேர்க்கிற ஆட்கள் இருக்கினம். அவர்களுக்கு முக்கியம் அது ஆரின்ர கையில் இருந்தது எண்டது. ஜிம் கோர்பெட் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் அவருக்குக் கொடுக்கப்பட்ட ரிக்பி ரைபிள் இண்டைக்கும் பேசப்படுகிறதென்றால், அதில் பதித்த சின்ன வெள்ளித் தகடும் ஒரு காரணம். தகடு இல்லாவிட்டால் அது நல்ல பழைய ரைபிள், அவ்வளவுதான். பெயர்தான் விலை.

இந்தக் கட்டுரை அப்படி விலையான இன்னொரு பெயரைப் பற்றியது: றொபேட் சேர்ச்சில். பிரதமர் சேர்ச்சில் இல்லை. இவர் துவக்குக் கடைக்காரர். அதோடு இங்கிலாந்து நீதிமன்றங்களின் துவக்கு நிபுணர்.

கடையைத் தொடங்கியது அவருடைய பெரியவர் எட்வின் ஜோன் சேர்ச்சில், 1891இல், இலண்டனில் ஸ்ட்ரான்ட் வீதிக்குப் பக்கத்தில். 1903இல் மோட் பண்ணைக் கொலை வழக்கு வந்தபோது அவர் ஆட்டு மண்டையோடுகளில் சுட்டுப் பார்த்து, எவ்வளவு தூரத்திலிருந்து வெடி வைத்தால் எப்படி ஓட்டை விழும் எண்டு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். 1910இல் அவர் இறந்த பிறகு கடையும் சாட்சிக்கூண்டும் றொபேட்டின் கைக்கு வந்தன. கடையில் அவர் பேர் வாங்கித் தந்தது 25 அங்குலக் குழல் வைத்த சன்னத் துவக்கு. மற்றவை 28, 30 அங்குலம் இருந்த காலத்தில் அது ஒரு துணிச்சல். இண்டைக்கும் சேகரிப்பாளர் தேடுகிற துவக்கு அது.

எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியுது. சன்னத் துவக்கின் குழல் உள்ளே வழுவழுப்பு. அதிலிருந்து பறக்கிற சன்னத்தை வைத்து எந்தத் துவக்கு எண்டு சொல்லவே ஏலாது. ரைபிளிலும் கைத்துப்பாக்கியிலும் அப்படியில்லை. குழலுக்குள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும், ரவை சுழன்று நேராகப் போறதுக்காக. அந்தப் பள்ளங்களும், வெட்டின கருவியின் நுண்ணிய கீறல்களும் ரவையில் பதியும். சுடும்போது வெற்றுக் கோது பின்பக்கத் தகட்டில் அடிபட்டு அதன் குறையையும் வாங்கிக்கொள்ளும். கடையில் சேர்ச்சிலுக்குச் சோறு போட்டது கையெழுத்தே இல்லாத குழல். நீதிமன்றத்தில் அவரைப் பெரிய ஆளாக்கியது கையெழுத்துள்ள குழல்.

1927 செப்டெம்பர் 27இல் எசெக்ஸில் ஜோர்ஜ் கட்டரிஜ் எண்ட பொலிஸ்காரர் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு கண்ணிலும் சுட்டிருந்தது. கொலைகாரர் களவெடுத்து ஓட்டிய மோட்டார் காருக்குள் ஒரு வெற்றுக் கோது கிடந்தது. அடுத்த ஜனவரியில் பிரவுண் எண்டவனிடம் ஒரு வெப்லி ரிவோல்வர் அகப்பட்டது. அதன் பின்தகட்டில் இருந்த சின்னக் குறையும் கோதில் இருந்த தழும்பும் ஒண்டு எண்டு சேர்ச்சிலும் இராணுவ நிபுணர்களும் நுணுக்குக்காட்டி வைத்துக் காட்டினார்கள். 1928 மே 31இல் பிரவுணும் கூட்டாளி கென்னடியும் தூக்கில் போனார்கள். அதுக்குப் பிறகு சேர்ச்சில் சொன்னால் சொன்னதுதான்.

நான் ஏன் மருதனார்மடத்தில் இருந்து இதை எழுதுறன்? 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்ட பிறகு, 'தடயவியல் அறிக்கை' எண்ட சொல் எங்கட வீட்டுக் கதையாகிவிட்டது. நிபுணர் வரட்டும், வந்தால் தெரியும் எண்டு பெரியாட்களும் சொல்லுகினம். சரி. ஆனால் நிபுணர் எண்டவர் ஆர், அவர் எதை வைத்துச் சொல்லுகிறார் எண்டதையும் நாங்கள் கேட்டுப் பழக வேணும்.

இதே காலத்து இன்னொரு நிபுணர் சிட்னி ஸ்மித். நியூசிலாந்தில் பிறந்தவர், எகிப்தில் பிரித்தானிய ஆட்சியின் சட்ட வைத்திய அதிகாரி. கெய்ரோவில் அரசியல் கொலைகள் நடக்க நடக்க, ஒவ்வொரு ரவையையும் கோதையும் எடுத்து வைத்துக்கொண்டு வந்தவர். 1924 நவம்பர் 19இல் சூடானின் ஆளுநர் நாயகம் சேர் லீ ஸ்டாக் சுடப்பட்டபோது, இது பழைய கொலைகளில் பாவித்த அதே .32 கோல்ட் எண்டு அவரால் சொல்ல முடிந்தது. பிறகு ரயிலில் பிடிபட்ட சகோதரர்களின் பழக்கூடைக்குள் துவக்குகள் இருந்தன. சுட்டுப் பார்க்கக் கீறல் பொருந்தியது. ஏழு பேர் தூக்கில் போனார்கள். அந்தக் கொலையைச் சாட்டி பிரித்தானியா எகிப்திடம் ஐந்து இலட்சம் பவுண் அபராதம் கேட்டது, எகிப்துப் படையைச் சூடானிலிருந்து வெளியேற்றியது. ரவையில் இருந்த கீறல் உண்மை. அந்த உண்மையைச் சாம்ராஜ்ஜியம் என்னத்துக்குப் பாவித்தது எண்டது வேறு கதை.

இந்த ஸ்மித் கொழும்புக்கும் வந்தவர். 1947இல் சேப்பாக்கத்தில் 215 ஓட்டம் எடுத்த மகாதேவா சதாசிவத்தை எங்கட தாத்தாமார் மறந்திருக்க மாட்டினம். 1951இல் அவருடைய மனைவி கொலையானபோது எதிரியாக நிறுத்தப்பட்டவரும் அவர்தான். கொல்வின் ஆர். டி சில்வா வாதாட, இறந்த நேரம் பற்றி ஸ்மித் எதிரி தரப்பில் சாட்சி சொன்னார். 1953இல் சதாசிவம் விடுதலை. கெய்ரோவில் தூக்குக்கு உதவிய அதே வாய், கொழும்பில் விடுதலைக்கு உதவியது.

சேர்ச்சிலும் ஸ்மித்தும் ஒரே வழக்கின் இரண்டு பக்கத்தில் நிண்ட கதைதான் எனக்கு முக்கியம். 1926 மார்ச் 17, எடின்பரோ. பேர்த்தா மெரெட் எண்ட தாய் மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தபோது காதுப் பக்கம் வெடி பட்டது. வீட்டில் இருந்தது பதினேழு வயது மகன் டொனால்ட். கைத்துப்பாக்கியும் அவன் வாங்கியதுதான். அம்மா தானே சுட்டுக்கொண்டா எண்டான் அவன். பொலிஸ் நம்பியது. ஆஸ்பத்திரியில் அந்த மனுசி, தான் எழுதிக்கொண்டிருந்தபோது மகன் பக்கத்தில் நிண்டதாகவும், போகச் சொன்னபோது தலைக்குள் வெடிச்ச மாதிரி இருந்ததாகவும் சொன்னா. அதை ஒழுங்கான வாக்குமூலமாக எடுக்கக்கூட ஆளில்லை. ஏப்ரல் 1இல் செத்துப்போனா. பிறகுதான் மகன் தாயின் காசோலைகளில் கள்ளக் கையெழுத்து வைத்தது வெளிவந்தது.

கேள்வி ஒண்டுதான்: எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது? தானே சுட்டால் துவக்கு தலையோடு ஒட்டி இருக்கும், காயத்தைச் சுற்றிக் கரி படியும். பேர்த்தாவின் காயத்தில் கரி இல்லை. முதலில் தற்கொலையாகவும் இருக்கலாம் எண்டு சொன்ன பேராசிரியர் லிட்டில்ஜோனிடம், சும்மா யோசிக்காமல் சுட்டுப் பார் எண்டு சொன்னவர் அப்போது லீவில் வந்திருந்த ஸ்மித். லிட்டில்ஜோன் அதே துவக்கையும் அதே வகை ரவையையும் எடுத்துச் சுட்டுப் பார்த்தார். கிட்ட இருந்து சுட்டால் கரி படிந்தது, லேசில் கழுவவும் ஏலாமல் இருந்தது. அவர் கருத்தை மாற்றினார்.

எதிரி தரப்புக்கு இலண்டனில் இருந்து வந்தவர்கள் சேர் பேர்னார்ட் ஸ்பில்ஸ்பரியும் றொபேட் சேர்ச்சிலும். அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய இரண்டு பெயர் இல்லை. தற்கொலையாக இருக்கலாம் எண்டார்கள். அவர்கள் சோதித்துப் பார்த்தது வேறொரு துவக்கில்.

1927 பெப்ரவரியில் யூரிமார் சொன்ன தீர்ப்பு 'நிரூபிக்கப்படவில்லை'. ஸ்கொட்லாந்தில் மட்டும் இருந்த ஒரு தீர்ப்பு அது. குற்றவாளியும் இல்லை, சுற்றவாளியும் இல்லை. காசோலை மோசடிக்கு ஒரு வருசம் மறியல். பொலிஸ் தொடக்கத்திலேயே வழக்கைப் பாழாக்கியதையும் மறக்கக்கூடாது. பழி முழுக்கச் சேர்ச்சிலின் தலையில் இல்லை. ஆனாலும் ஆயிரம் துவக்கைக் கையில் பிடித்த ஒருவருக்கு, எந்தத் துவக்கு எண்டது எவ்வளவு முக்கியம் எண்டு தெரியாமல் இருந்திருக்குமா? கட்டரிஜ் வழக்கில் அடுத்த வருசம் அவர் நிரூபித்தது அதைத்தானே: ஒண்டைப்போல் இன்னொண்டு இல்லை எண்டு.

டொனால்ட் மெரெட் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தான். 1954இல் இலண்டன் ஈலிங்கில் தன் மனைவியையும் மாமியையும் கொன்றான். சில நாளில் ஜேர்மனியில் கொலோனுக்குப் பக்கத்துக் காட்டில் தன்னைத்தானே சுட்டுச் செத்துக் கிடந்தான்.

றொபேட் சேர்ச்சில் 1958இல் இறந்தார். அந்த 25 அங்குலத் துவக்குகள் இப்பவும் கைமாறுகின்றன. வாங்குகிறவர்கள் முதலில் குழலில் பொறித்த பெயரையும் இலக்கத்தையும் சோதனை முத்திரையையும் பார்ப்பார்கள். குழல் பழசா, பிறகு மாற்றிப் போட்டதா எண்டதையும் கவனமாகக் கேட்பார்கள். வேறு குழல் எண்டால் விலை விழுந்துபோகும்.