தண்ணி ஊத்தினா மட்டும் போதுமா? உயர்திறன் கான்கிரீட்டின் வலிமையைத் தீர்மானிக்கும் ‘க்யூரிங்’

‘கான்கிரீட் நல்லா காயணும், அப்பதான் ஸ்ட்ராங்கா இருக்கும்’. வேலை நடக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆனால் உண்மை நேர்மாறானது. கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமெண்ட்டும் தண்ணீரும் வேதிவினை புரிவதால்தான் இறுகுகிறது. உள்ளே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த வினை கிட்டத்தட்ட நின்றுவிடும்.

ஈரம் போகாமல் காக்கும் வேலைதான் க்யூரிங், அதாவது நீராற்றுதல். பாலங்களிலும் உயரமான கட்டடங்களிலும் பயன்படும் உயர்திறன் கான்கிரீட்டுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை.

எது உயர்திறன் கான்கிரீட்?

அதிக வலிமையோடு, நீரும் உப்பும் எளிதில் ஊடுருவாத தன்மையும் கொண்டது இது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, எம்60 முதல் உள்ளவற்றை உயர் வலிமை கான்கிரீட் என்கிறது. எம்60 என்றால், 15 செ.மீ. கனசதுரம் 28 நாளில் சுமார் 137 டன் எடையைத் தாங்க வேண்டும்.

இதில் என்ன சிக்கல்?

100 கிலோ சிமெண்ட் முழுமையாக வினைபுரிய சுமார் 42 லிட்டர் தண்ணீர் வேண்டும். உயர்திறன் கலவையில் பெரும்பாலும் 25 முதல் 35 லிட்டர்தான் சேர்க்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் துளைகள் குறையும், வலிமை கூடும்.

ஆனால் தண்ணீர் போதாததால், தன் துளைகளில் இருக்கும் ஈரத்தையே சிமெண்ட் உறிஞ்சிக்கொள்ளும். வெயிலே படாவிட்டாலும் உள்ளுக்குள் வறண்டு, சுருங்கி, விரிசல் விடலாம். மேற்பரப்புக்குக் கசிந்து வரும் நீரும் குறைவு. அதனால் காற்றும் வெயிலும் முதல் சில மணி நேரத்திலேயே பாதிப்பைத் தொடங்கிவிடும்.

எந்த முறை என்ன செய்யும்?

பாத்தி, ஈரச்சாக்கு: வெளியிலிருந்து தண்ணீர் தருவதால் நல்ல பலன் கிடைக்கும். ஆனால் மேற்பரப்பு இறுகியதுமே தொடங்க வேண்டும். அதுவரை பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடலாம். சில நாள் தாமதித்தால் துளைகள் அடைபட்டுவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் மேல்தோலோடு நின்றுவிடும்.

க்யூரிங் கெமிக்கல்: மேலே படலம்போல் பூசுவது. இருக்கும் ஈரத்தைக் காக்கும், புதிதாகத் தண்ணீர் தராது. சாதாரண கான்கிரீட்டுக்குப் பல இடங்களில் இது போதும். தண்ணீர் ஏற்கெனவே குறைவாக உள்ள உயர்திறன் கலவைக்கு இது மட்டும் போதாமல் போகலாம்.

நீராவி: தொழிற்சாலையில் வார்க்கும் பாகங்களுக்கு ஏற்றது. ஒரே நாளில் அச்சைப் பிரிக்கும் அளவுக்கு வலிமை வரும். ஆனால் 28-ம் நாளில், சாதாரண வெப்பத்தில் நீராற்றியதைவிட வலிமை குறைவாக இருக்கலாம். உள்வெப்பம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பின்னாளில் கான்கிரீட் உப்பி விரிசல் விடும் அபாயமும் உண்டு.

உள் நீராற்றல்: தண்ணீரில் ஊறிய எடை குறைந்த ஜல்லியையோ, குழந்தைகளின் டயப்பரில் இருப்பதுபோன்ற நீர் உறிஞ்சும் பொருளையோ கலவையில் சேர்ப்பது. சிமெண்ட்டுக்குத் தேவைப்படும்போது இவை உள்ளிருந்தே தண்ணீரை விடும். வறட்சியால் வரும் சுருக்கம் குறையும்.

எத்தனை நாள்?

ஐ.எஸ். 456-ன்படி சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள். வெயிலும் வறட்சியும் உள்ள இடங்களில் 10 நாளுக்குக் குறையக் கூடாது. ஃப்ளை ஆஷ் போன்றவை கலந்திருந்தால் குறைந்தது 10 நாள். 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்கிறது அந்த விதி. இவை மெதுவாக வினைபுரிவதே காரணம்.

காலையில ஒரு தடவை ஊத்திட்டு சாயங்காலம் வரை காயவிடுவது க்யூரிங் ஆகாது. தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும்.

க்யூப் டெஸ்ட் பாஸ் ஆனால் போதுமா?

போதாது. சோதனைக்கான கனசதுரம் 27 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் சொகுசாக இருக்கும். தூணோ மொட்டை வெயிலில் நிற்கும். ரிப்போர்ட் சொல்வது கலவையின் தரத்தை மட்டுமே. சென்ட்ரிங் பிரித்த பிறகு தூணுக்கு ஈரம் கிடைத்ததா என்பது அதில் தெரியாது.

எனவே ரிப்போர்ட்டோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள்: க்யூரிங் எப்போது தொடங்கியது? எந்த முறையில்? எத்தனை நாள்?