வைடூரியம் தந்த பெயர்

பூண்டுலோயாவின் தேயிலை மலைகளுக்கிடையே டன்சினேன் அருவியாக வீழ்ந்து ஓடும் நீர், கொத்மலை ஓயாவிற் கலந்து மகாவலி கங்கையைச் சென்றடைகின்றது. மலைநாட்டு ஆறுகள் யாவும் செய்யும் தொழிலையே அதுவும் செய்கின்றது: பழம்பாறையை அரிக்கும், இலேசானவற்றை அடித்துக்கொண்டு போகும், பாரமானவற்றைப் பள்ளங்களில் விட்டுச் செல்லும். இவ்வாறு படிந்த சரளையில் மணிக்கற்கள் சேர்ந்திருப்பின் அதனை ‘இல்லம்’ என்பர். இல்லத்துக்குப் பெயர்போன ஊர் இரத்தினபுரி. அட்டனுக்கு அப்பால் பொகவந்தலாவையிலும் இல்லக் குழிகள் உண்டு. 1850ஆம் ஆண்டை ஒட்டி நுவரெலியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர், கல் தேடி முன்னோர் தோண்டிய குழிகள் அவ்வூர்ப் புல்வெளிகளிற் கிடந்ததை எழுதிவைத்திருக்கிறார்.

இலங்கையின் இல்லத்தில் அகப்படும் கற்களுள் ஒன்று பூனைக்கண் வைடூரியம். ஆவர்த்தன அட்டவணையின் நான்காம் இடத்தில் நிற்கும் பெரிலியம் என்னும் உலோகம் அக்கல்லில் அடங்கியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள உறவு கல்லோடு நில்லாமல் சொல்லோடும் தொடர்வது.

பெரிலியம் என்பது ‘பெரில்’ என்ற மணியின் பெயரிலிருந்து வந்தது. கிரேக்கர் அதனை ‘பெரில்லொஸ்’ என்றனர். அச்சொல், பாளியில் ‘வேளுரிய’ என்றும் வடமொழியில் ‘வைடூரிய’ என்றும் வழங்கும் சொல்லின் உறவு. அதன் வேர் திராவிடச் சொல்லாகவோ, தென்னாட்டு வேலூர் ஒன்றின் பெயராகவோ இருத்தல் கூடும் என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். கொங்கு நாட்டில் காங்கேயத்தை அடுத்த படியூர் அக்கல் விளைந்த இடம். கொடுமணல் அகழாய்வில் அதனை மணியாகக் கடைந்த தடயங்கள் வெளிப்பட்டன. உரோமாபுரியின் பிளினி, பெரில் இந்தியாவில் விளைவது, பிற நாடுகளில் அரிது என்று முதல் நூற்றாண்டிலேயே எழுதினார்.

இங்கே ஒரு விந்தையைக் காணலாம். பழைய நூல்களில் வைடூரியம் எனப்பட்டது பெரும்பாலும் பெரிலே. இன்று தமிழர் வைடூரியம் என்பதோ பூனைக்கண்ணை. முன்னது பெரிலியமும் அலுமினியமும் சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்தது. பின்னது கிரிசோபெரில், அதிற் சிலிக்கன் இல்லை. சொல் ஒரு கல்லை விட்டு மற்றொரு கல்லுக்குத் தாவியது. ஆயினும் உள்ளிருந்த உலோகம் மாறவில்லை. நாவலர் எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று இது! ஆற்றின் செயலும் கவனிக்கத்தக்கது. பெரிலின் அடர்த்தி ஏறக்குறைய 2.7, சாதாரண வெண்கல்லோடு ஒத்தது. கிரிசோபெரிலின் அடர்த்தியோ 3.7. எனவே பின்னதே சரளையின் அடியில் எளிதாகத் தங்கும்.

அவ்வுலோகத்தை அறிஞர் கண்டுகொள்ள நெடுங்காலம் சென்றது. மரகதத்தையும் பெரிலையும் பகுத்தவர்கள், கிடைத்த வெண்பொடியை அலுமினா என்றே எழுதிப் போயினர். இரண்டின் பளிங்கு வடிவும் ஒன்றாயிருத்தலைக் கண்ட ஆயி என்பார் வேண்டிக்கொள்ள, பிரெஞ்சு இரசாயனர் வோக்லென் 1798இல் அவற்றை மீண்டும் பகுத்தார். பொடியின் ஒரு பகுதி அமோனியங்காபனேற்றுக் கரைசலிற் கரைந்தது; அலுமினா அவ்வாறு கரையாது. அதன் உப்புகள் இனித்தன. ஆகவே ‘இனிப்பு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பிரெஞ்சுக்காரர் அதனை அழைத்தனர். ஜெர்மனியில் வோலரும் பிரான்சில் பியூசியும் 1828இல் தனித்தனியே உலோகத்தைப் பிரித்தெடுத்தனர். பெரிலியம் என்ற பெயர் அனைத்துலக ஒப்புதல் பெற்றது 1949இலேதான்.

அலுமினியத்தோடு ஏற்பட்ட மயக்கம் அத்துடன் தீரவில்லை. இரு ஐதரொட்சைட்டுகளும் அமிலத்திலும் கரையும், வன்காரத்திலும் கரையும்; அவை ஈரியல்பின. இரு காபைட்டுகளும் நீரோடு சேர்ந்து மெதேன் வாயுவைத் தரும். அட்டவணையில் ஒன்றுக்கொன்று மூலைவிட்டமாக நிற்கும் தனிமங்கள் இவ்வாறு ஒத்திருத்தல் உண்டு. பெரிலியத்தின் அயன் மிகச் சிறியது, ஏற்றம் இரண்டு. அலுமினிய அயன் சற்றுப் பெரியது, ஏற்றம் மூன்று. பருமனுக்கேற்ற ஏற்றத்தில் இரண்டும் நெருங்கி வருவதே காரணம்.

இவ்வொற்றுமையால் பெரிலியத்தின் வலுவளவும் மூன்றென்று கொண்டால் அணுநிறை 13.5 ஆகும், அப்போது நைதரசனுக்கருகே இடமில்லாமல் நெருக்கும். மெண்டலீவ் 1869இல் வலுவளவை இரண்டெனக் கொண்டு, இலிதியத்துக்கும் போரனுக்கும் நடுவே ஒன்பதின் அருகில் அதனை அமர்த்தினார். சுவீடன் அறிஞர் நில்சனும் பெற்றர்சனும் மூன்று என்றே வாதிட்டு வந்தனர். 1884இல் குளோரைட்டின் ஆவியடர்த்தியைத் தாமே அளந்தபோது விடை மெண்டலீவின் பக்கம் விழுந்தது. அதனை அவர்களே வெளியிட்டனர்.

அலுமினியம் மலைநாட்டுக்கு அயலானதன்று. புளிப்பு மண்ணில் தழைக்கும் தேயிலைச் செடி அதனை உறிஞ்சி முதிர்ந்த இலைகளிற் சேர்த்துவைக்கும். ஒரு கிலோகிராம் உலர்ந்த முதிரிலையில் பத்துக் கிராமுக்கு மேலும் இருப்பதுண்டு. கொழுந்தில் அளவு குறைவு.

வோக்லென் காலத்தார் நாவில் இட்டுப் பார்த்த இனிப்பு நஞ்சாகும். ஒளிரும் குழல்விளக்குகளில் ஒருகாலத்தில் பெரிலியச் சேர்மம் பூசப்பட்டது. அமெரிக்காவிலே சேலம் என்னும் ஊரில் – தமிழ்நாட்டுச் சேலம் அன்று – விளக்குத் தொழிலாளர் மூச்சுத் திணறி நலிந்தனர். காட்சநோயோ என ஐயுற்ற அந்நிலையை 1946இல் ஆரியற் ஆடி என்ற பெண் மருத்துவரும் தபர்சோவும் பெரிலியத் தூசியோடு தொடர்புபடுத்தி எழுதினர். 1949இல் அப்பூச்சு அங்கே கைவிடப்பட்டது. மோதிரத்துக் கல் தீங்கு செய்யாது. தூசியும் புகையுமே நுரையீரலைக் கெடுப்பன.

மணி வணிகத்தையும் இவ்வுலோகம் ஒருமுறை கலக்கியது. தாமரை நிறமுடைய ‘பத்பராட்சா’ நீலக்கல் வகை இலங்கையின் தனிப்பெருமை. தாய்லாந்தில் மங்கலான கற்களைக் கிரிசோபெரில் துணுக்குகளோடு கடுஞ்சூட்டில் வைத்தனர். பெரிலிய அணுக்கள் கல்லினுள் ஊடுருவ, செம்மஞ்சள் நிறம் பிறந்தது. சாதாரணச் சூடேற்றிய கற்களென்றே அவை விற்கப்பட்டன. 2002இல் ஆய்வுகூடங்கள் உண்மையை வெளிப்படுத்தின. ஊடுருவிய அளவு பத்து இலட்சத்தில் சில பங்குகளே. கண்ணாடி வைத்துப் பார்க்கும் கல் வியாபாரிக்கு அது பெரும்பாலும் புலப்படாது. கல்லின் நுண்ணிய புள்ளியொன்றை இலேசர் ஒளியால் ஆவியாக்கி, அவ்வணுக்களை நிறுத்துப் பார்க்கும் கருவியே அதனைக் காட்டிக்கொடுக்கும்.